குதிரைக்காரர் பதில்கள்: புளியமரத்தைத் தாண்டாத குதிரை

ஆடி நெருங்குகிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு இப்போதே வண்டி பேச ஆரம்பித்துவிட்டார்கள். போன வருஷம் அங்கே வாங்கிவந்த குதிரைகளைப் பற்றிய புகார்தான் இந்த மாதத் தபாலில் பாதி. "அடித்தும் கேட்கவில்லை" என்று முடிகிற கடிதம் மட்டும் பதினொன்று எண்ணினேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் அப்பா தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டியவர். அவருடைய தாத்தா மத்திகிரிப் பண்ணையில் குதிரை தேய்த்தவர். 1824-ல் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் குதிரை தயார் பண்ணத் தொடங்கிய இடம்தான் இன்றைக்கு ஓசூர் கால்நடைப் பண்ணை. நான் பெங்களூரில் பந்தயக் குதிரை லாயத்தில் இருபது வருஷம் சாணி அள்ளி, தேய்த்து, காலையில் ஓட்டப் பழக்கிவிட்டு, இப்போது ராயக்கோட்டைப் பக்கம் நாலு குதிரையோடு இருக்கிறேன். டாக்டர் இல்லை. மருந்து கேட்டு எழுதாதீர்கள். இனி கடிதங்களும் என் பதில்களும்.

போன ஆடியில் அந்தியூரில் கத்தியவாரிப் பெண் குதிரை ஒன்று வாங்கினேன். நாலு வயது என்றார்கள். முதல் இரண்டு மாதம் நல்லபடியாக இருந்தது. இப்போது வீட்டு வாசலிலிருந்து புளியமரம் வரை, ஒரு நூறடி போகும். அதற்குமேல் போகாமல் திரும்பிவிடுகிறது. அடித்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஊரில் ஒருவர் முள் கடிவாளம் கொடுத்தார். போட்டபிறகு இன்னும் மோசம். விற்றுவிடலாமா?
*— வாசகர், காரிமங்கலம்*

விற்க வேண்டாம். முதல் வேலையாக அந்த முள் கடிவாளத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுங்கள். இன்னொருத்தருக்குத் தானம் பண்ணிவிடாதீர்கள். அது சட்டப்படியும் கூடாது. வண்டி இழுக்கிற, சுமை தூக்குகிற பிராணிகளுக்கான 1965-ஆம் வருஷத்து விதிகளில், ஏறவோ ஓட்டவோ முள்ளும் முண்டும் வைத்த எதையும் போடக்கூடாது என்று எழுதியிருக்கிறது.

சட்டம் கிடக்கட்டும். குதிரையின் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடம் ஒன்று உண்டு. கடிவாளம் உட்காருவது அங்கேதான். எலும்புக்கு மேலே மெல்லிசாக ஈறு, அவ்வளவுதான். உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஆணியை வைத்து லேசாகத் தட்டிப் பாருங்கள். அந்த வலியோடு உங்களை யாராவது "முன்னால் நட" என்றால் நடப்பீர்களா?

அதோடு நாலு வயது என்கிறீர்கள். குதிரைக்கு இரண்டரை வயது வாக்கில் நடு முன்பற்கள் விழுந்து முளைக்கும். மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் ஓரத்து ஜோடி. வெளியே தெரியாமல் உள்ளே கடைவாயிலும் அதே சமயம் பால்பல் கழன்றுகொண்டிருக்கும். பல் ஆடுகிற பிள்ளையின் வாயில் இரும்பை வைத்து இழுத்திருக்கிறோம். கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராக வளர்ந்து கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தால் அரம் போட்டுத் தேய்த்துவிடுவார். வருஷத்துக்கு ஒருதரம் எல்லாக் குதிரைக்கும் அதைப் பார்ப்பது நல்லது. வாய் ஆறும்வரை ஏறவே வேண்டாம். ஆறியபின் வழுவழுப்பான சாதாரணக் கடிவாளம் போதும்.

இனி புளியமரத்துக்கு வருகிறேன். முதன்முதலில் அது அங்கே நின்ற நாளை நினைத்துப் பாருங்கள். எதற்கோ மிரண்டிருக்கும். ஒரு லாரி, ஒரு நாய், காற்றில் பறந்த பாலிதீன் பை. நீங்களும் "சரி, இன்றைக்குப் போதும்" என்று திரும்பியிருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் இறங்கியிருப்பீர்கள், சேணத்தை எடுத்திருப்பீர்கள், கொள்ளு வைத்திருப்பீர்கள். குதிரையின் கணக்கில் இது என்ன? புளியமரத்தில் திரும்பினால் முதுகு காலி, வாய்க்குக் கொள்ளு. மறுநாள் கணக்கைச் சரிபார்த்தது. மூன்றாம் நாள் மனப்பாடம். லகான் தளர்ந்த அந்த நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்தோமோ அதுதான் கேட்கப்பட்டது என்று குதிரை எடுத்துக்கொள்ளும். நீங்கள் மனதில் என்ன நினைத்தீர்கள் என்பது அதற்கு எட்டாது.

முன்னங்கால் தூக்குவதைப் பற்றி எழுதும்போது என் இடது தோளைத் தடவிக்கொள்கிறேன். பதினைந்து வயசு எனக்கு. அப்பாவிடம் செவலை என்று ஒரு மட்டக்குதிரை. பஸ் ஸ்டாண்டுக்கும் குமாரசாமிப்பேட்டைக்கும் நடுவே நாள் முழுக்க ஜட்கா இழுக்கும். ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பா தூங்குகிற நேரம் பார்த்து, சாக்கை நாலாக மடித்து முதுகில் போட்டு ஏறிப் பென்னாகரம் ரோட்டில் கிளம்பிவிட்டேன். ஊர் முடிகிற இடத்தில் செவலை நின்று திரும்பப் பார்த்தது. நான் லகானை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, குதிகாலால் விலாவில் உதைத்தேன். கால் "போ" என்கிறது, கை "நில்" என்கிறது. முன்னால் போக வழியில்லை, பின்னால் போக வழியில்லை. மேலே போயிற்று. மேலே போனதும் நான் பயத்தில் லகானைப் பிடித்துத் தொங்கினேன். அந்தப் பாரத்தில் மல்லாக்க விழுந்தது. நான் ஒருபக்கம் உருண்டதால் காறை எலும்போடு போயிற்று. "குதிரை கீழே தள்ளினதுமில்லாம குழியும் பறிச்சுதாம்" என்று வண்டிக்காரர்கள் ஒரு மாசம் சிரித்தார்கள். அப்பா மட்டும் செவலையின் காலை நாலு தடவை தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அது எங்கடா தள்ளிச்சு? நீதான் இழுத்து மேல போட்டுக்கிட்ட."

அதனால், தூக்கிவிட்டால் கையை முன்னால் விடுங்கள். லகான் தொளதொளவென்று ஆகட்டும். உடம்பை முன்னால் சாய்த்துப் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கால் தரையில் பட்டதும் ஒரு பக்கத்து லகானை மட்டும் மெதுவாக வாங்கி வளைத்துத் திருப்பி, அந்த வளைவிலேயே முன்னால் நடக்க விடுங்கள். முன்னால் நடந்துகொண்டிருக்கிற குதிரைக்கு இரண்டு முன்னங்காலையும் தூக்கிக்கொண்டு நிற்பது கஷ்டம். தலையில் தண்ணீர் பாட்டிலை உடைத்தால் மறந்துவிடும் என்று யாராவது வந்து சொல்வார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

குதிரைமேல் ஏறிக்கொண்டு புளியமரத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு வாரம் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போங்கள். மரத்தடியில் ஒரு கை கடலைக்கொடி போடுங்கள், தின்னட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுங்கள். மறுநாள் மரத்துக்கு அந்தப் பக்கம் பத்தடி. பிறகு ஏறிப் போகும்போது, அது எண்பதாவது அடியில் தயங்கும் என்று தெரிந்தால் எழுபதாவது அடியில் நீங்களே திருப்பிவிடுங்கள். திரும்புகிற யோசனை உங்களுடையதாக இருக்கவேண்டும், அதுதான் இதில் சூட்சுமம். நாளுக்கு நாலு அடி கூட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் இறங்காதீர்கள். வாசலில் ஒரு இருபது நிமிஷம் வட்டம், எட்டு, நிற்பது, பின்னால் நகர்வது என்று வேலை வாங்குங்கள். பிறகு மறுபடி புளியமரத்துக்குப் போய் அங்கே இறங்கி, வயிற்றுப் பட்டையைத் தளர்த்தி, கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடங்கள். கொள்ளு உடனே வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். வீட்டில் உழைப்பு, மரத்தடியில் ஓய்வு. பழைய கணக்கை இப்படித்தான் அழிக்க முடியும். ஆறு வாரம் பிடிக்கலாம். பாதியில் ஒருநாள் கோபம் வந்து அடித்தால் மறுபடி முதலிலிருந்து.

என் குதிரை முன்பு சாது. இப்போது சட்டைப் பையைக் கடித்து இழுக்கிறது. போன வாரம் கை மேலேயே கடித்துவிட்டது. ஏன்?
*— வாசகர், பாலக்கோடு*

பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது, சுற்றிலும் கரும்பு. உங்கள் பையில் வெல்லம் இருந்திருக்கும். இனி கையால் எதையும் ஊட்டாதீர்கள். தொட்டியில் போடுங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லிவைங்கள். மூக்கைக் கிட்டே கொண்டுவந்தால் அடிக்க வேண்டாம், முகத்தில் அடித்தால் கடித்துவிட்டுத் தலையை வெடுக்கென்று இழுக்கத்தான் பழகும். ஒரு அடி பின்னால் போ என்று நகர்த்துங்கள், ஒவ்வொரு தடவையும். ஆனால் வயிற்றுப் பட்டை இறுக்கும்போது மட்டும் கடிக்க வருகிறது என்றால் அது வேறு கதை. அங்கே வலி இருக்கிறது. பட்டை உட்காருகிற இடத்தில் புண், கட்டி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இந்த ஆடிக்கு அந்தியூரில் குதிரை வாங்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் ஊர்த் தரகர் சுழி பார்த்துத்தான் வாங்கவேண்டும், இல்லையென்றால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார். நீங்கள் சுழி பார்ப்பீர்களா?
*— வாசகர், அரூர்*

பார்ப்பேன். மயிர் சுழன்று வளர்கிற அந்தச் சுழி ஒவ்வொரு குதிரைக்கும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். பந்தயக் குதிரைகளின் அடையாளச் சீட்டில் நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே என்று சுழியைக் குறித்துவைப்பது அதனால்தான். திருட்டுக் குதிரையைக் கண்டுபிடிக்க உதவும். குடும்பம் ஆகுமா ஆகாதா என்பதைச் சுழியில் பார்த்தால், தரகருக்கு ஆகும். நல்ல குதிரை விலை படியாதபோது ஒரு கெட்ட சுழியும், நொண்டிக் குதிரை விலை போகாதபோது ஒரு ராஜ சுழியும் அவர் கண்ணுக்குத் தெரியும். பஞ்சகல்யாணி என்று நாலு காலும் நெற்றியும் வெள்ளையாக இருப்பதற்கு இருபதாயிரம் கூடக் கேட்பார்கள். பார்க்க அழகுதான். காசு உங்களுடையது.

நான் பார்ப்பது வேறு. விடியற்காலை போய்விடுவேன். எட்டு மணிக்கு மேல் போனால் குதிரையை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள், நொண்டல் மறைந்திருக்கும். கட்டிக் கிடக்கிறதை அவிழ்க்கச் சொல்லி, மண்ணில் இல்லாமல் கெட்டித் தரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். தலையை மட்டும் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் ஊன்றும்போது தலை கீழே இறங்கும். இதை ஒருதரம் கண்ணால் பிடித்துவிட்டால் சாகிறவரை மறக்காது.

நாலு குளம்பையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்கத் தராத குதிரையோடு வீட்டில் லாடம் கட்டுகிறவர் என்ன பாடுபடுவார் என்று யோசியுங்கள். முதுகுத் தொடக்கத்தில் சேணம் உட்காருகிற இடத்தில் அங்கங்கே வெள்ளை மயிர் முளைத்திருந்தால் பழைய சேணப் புண். வாயின் இரண்டு ஓரத்திலும் தழும்பு இருந்தால் யாரோ இழுத்தே ஓட்டியிருக்கிறார். கட்டியிருக்கிற கம்பத்தைப் பாருங்கள். மேல் விளிம்பு கடித்துத் தேய்ந்திருந்தால் மரத்தைக் கவ்விக் காற்று விழுங்குகிற பழக்கம் இருக்கலாம். அது வந்தால் லேசில் போகாது.

கடைசியாக, உங்கள் கண் முன்னால் சேணம் போட்டு, விற்பவரே முதலில் ஏறிக் காட்டட்டும். அவர் ஏறத் தயங்கினால் நீங்கள் ஏன் ஏறவேண்டும்? இதெல்லாம் முடிந்தபிறகு துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசலாம்.

எங்கள் குதிரை 60 இன்ச் உயரம். தினம் மூன்று கிலோ கொள்ளு வேகவைத்துக் கொடுக்கிறோம், வைக்கோலும் கொஞ்சம் போடுகிறோம். வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் ஏற நேரம் கிடைக்கிறது. ஏறியதும் தலையைக் கீழே போட்டுத் துள்ளித் துள்ளித் தூக்கி எறிகிறது.
*— வாசகர், பென்னாகரம்*

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று மனுஷனுக்குச் சொன்னதைக் குதிரைக்கும் வைத்துவிட்டீர்களோ? ஆறு நாள் கட்டிப்போட்டு மூன்று கிலோ கொள்ளு. ஏழாம் நாள் அது துள்ளாமல் என்ன செய்யும்?

குதிரையின் இரைப்பை அந்த உடம்புக்கு ரொம்பச் சின்னது. மாடு மாதிரி மொத்தமாகத் தின்றுவிட்டு அசைபோடாது. இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் ஊறிக்கொண்டே இருக்கும், அதனால் வாயில் சதா நார்த்தீனி அரைபட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாந்தியும் எடுக்க முடியாது, தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலிதான். உடம்பு எடையில் நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு காய்ந்த தீவனம் கணக்கு. உங்களுடையது 350 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஐந்தேகாலிலிருந்து ஏழு கிலோ. நெல் வைக்கோலில் சத்து கம்மி. நம் பக்கம் ராகித்தாளுக்கும் கொள்ளுக்கொடிக்கும் பஞ்சமா? அதைப் பிரித்து நாளைக்கு நாலு வேளையாகப் போடுங்கள். கடலைக்கொடி போட்டால் பூசணம் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், முப்பது லிட்டர் சாதாரணமாகக் குடிக்கும்.

வேலை இல்லாத நாளில் கொள்ளு ஒரு கைப்பிடி போதும். ஒரேயடியாக நிறுத்தாமல் பத்து நாளில் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். நன்றாகத் தின்றுவிட்டுச் சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று ஓட்டினால் பின்தொடைச் சதை கட்டையாக இறுகி நின்றுவிடும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். அப்படி ஆனால் ஒரு அடிகூட நடத்தாமல் அங்கேயே நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். லாயத்தில் இதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டும் லீவு முடிந்த மறுநாள்.

ஏறுவதற்கு முன் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கையை அழுத்தி ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது முதுகைக் குழித்தால் துள்ளலுக்குக் காரணம் கொள்ளு மட்டும் இல்லை. இல்லையென்றால், நீளக் கயிற்றில் பிடித்துப் பத்து நிமிஷம் வட்டமாக விட்டு, துள்ளுவதை எல்லாம் துள்ளி முடிக்கட்டும். மேலே இருக்கும்போது துள்ளினால் தலையை மேலே தூக்கி முன்னால் ஓட்டுங்கள், தலை கீழே போகாவிட்டால் பின்னங்கால் அவ்வளவாக உயராது. ஞாயிறு மட்டும் நேரம் என்றால், மற்ற நாளில் பால் வாங்கப் போகிறவர் யாராவது அரை மணி கையில் பிடித்து நடத்தட்டும்.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறேன். பேண்ட் செட் பழகிவிட்டது. இப்போது எல்லாரும் செண்டை மேளம், டிஜே என்கிறார்கள், மிரள்கிறது. மயக்க ஊசி கொஞ்சமாகப் போட்டால் நிற்கும் என்று சிலர் சொல்கிறார்கள். போடலாமா?
*— வாசகர், ஓசூர்*

கூடாது. அரை மயக்கத்தில் இருக்கிற குதிரைக்குக் கால் தடுமாறும். பெரிய சத்தம் கேட்டால் அந்த மயக்கம் சட்டென்று உடைந்து முன்னைவிட மோசமாகப் பாயும். மேலே பட்டு வேட்டியில் வாழ்க்கையில் முதல்முறையாகக் குதிரை ஏறிய மாப்பிள்ளை. கீழே சின்னப் பிள்ளைகள்.

மேளத்தைக் குதிரையிடம் கொண்டுவராதீர்கள். குதிரையை மேளத்தின் பின்னால் கொண்டுபோங்கள். தன்னை நோக்கி வருவது துரத்துவது, தன்னைவிட்டுப் போவது ஓடுவது. அதற்கு இரண்டே கணக்குதான். செண்டைக்காரர் ஒருவரைச் சாயங்காலம் வரச்சொல்லி, ஐம்பதடி தள்ளி மெதுவாக அடித்துக்கொண்டே அவர் நடந்து போகட்டும், நீங்கள் குதிரையோடு பின்தொடருங்கள். அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். ஓரிரண்டு நாளில் அதுவாக எட்டிப் போய் அவரை முகர்ந்துபார்க்கும். மேளத்தின் தோலை மூக்கால் தொட்டு, வாயை மென்று, தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விடும். நீங்கள் காத்திருந்தது அந்தப் பெருமூச்சுக்குத்தான். அப்போது கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். "நன்றாகத்தானே நிற்கிறது, இன்னும் ஒரு ரவுண்டு" என்று ஆசைப்படுகிற இடத்தில்தான் எல்லாரும் கெடுக்கிறோம். டிஜே சத்தத்தைத் தீனி தின்கிற நேரத்தில் செல்போனில் சின்னதாக வைத்து நாளுக்கு நாள் கூட்டலாம்.

குதிரைக்குக் கண் பக்கவாட்டில். ஏறத்தாழச் சுற்றிலும் தெரியும். ஆனால் வாலுக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரமும் தெரியாது. செல்ஃபி எடுக்கிறவர்கள் நிற்பது சரியாக அந்த இரண்டு இடத்திலும்தான். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு ஆள் வையுங்கள். கையில் காயடிக்காத ஆண் குதிரை இருந்தால் இந்தத் தொழிலுக்கு வேண்டாம். பட்டாசு இருந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐயா, நான் கல்லூரி மாணவி. ஓசூர் பக்கம் ஒரு பண்ணையில் குதிரை ஏறக் கற்றுக்கொள்கிறேன். ஒரு காலை அங்கவடியில் வைத்ததுமே குதிரை நடக்க ஆரம்பித்துவிடுகிறது. மற்றவர்கள் ஏறினால் நிற்கிறது. நான் பயப்படுவது அதற்குத் தெரிந்துவிடுகிறதா?
*— வாசகி, கிருஷ்ணகிரி*

தெரியும் அம்மா. ஆனால் நீ நினைக்கிற மாதிரி மனசைப் படிப்பதில்லை, உடம்பைப் படிக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கூட்டல் கழித்தல் போடும் என்று பேர் வாங்கியது. விடை ஏழு என்றால் ஏழு தடவை குளம்பால் தட்டும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்துப் பார்த்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. ஏழாவது தட்டில் கேட்டவர் தலை தன்னையறியாமல் மயிரிழை அசைந்ததைப் பார்த்து அது நிறுத்தியிருக்கிறது. அவ்வளவு கூர்மையான பிராணி உன் கட்டைவிரலைக் கவனிக்காதா?

உன் ஷூவின் நுனி அதன் விலாவில் குத்துகிறது என்று நினைக்கிறேன். அது "போ" என்கிற அடையாளம். உயரம் குறைந்தவர்களுக்கு இது அதிகம் வரும். ஏறுவதற்கு ஒரு கல்லோ மரப்பெட்டியோ கேள், வெட்கப்படாதே, குதிரையின் முதுகுக்கும் அதுதான் நல்லது. ஷூவின் நுனி குதிரையின் தோள் பக்கம் பார்க்கட்டும். லகானைத் தளர்வாக, ஆனால் கையில் வைத்துக்கொள். சேணத்தின் பின்பக்கத்தைப் பிடித்துத் தொங்காதே. அது நகர்ந்தால் காலை எடுத்துவிட்டு நிற்க வைத்து மறுபடி. பத்துத் தடவை ஆனாலும் சரி. ஏறி உட்கார்ந்ததும் உடனே கிளப்பாமல் மனசுக்குள் இருபது எண்ணு. உட்கார்ந்தவுடன் கிளப்புகிறவர்களால்தான் பள்ளிக் குதிரைகள் எல்லாம் உட்காருவதற்கு முன்பே கிளம்பப் பழகுகின்றன. மூச்சை வெளியே விடும்போது ஏறிப் பார்.

எங்கள் மட்டக்குதிரையைத் தேன்கனிக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். குட்டியானை வண்டி கொண்டுவந்தோம். ஆறு பேர் சேர்ந்து தள்ளியும் ஏறவில்லை, ஒருவருக்குக் காலில் உதை. அடுத்த வாரம் கண்டிப்பாகப் போகவேண்டும். என்ன செய்வது?
*— வாசகர், தேன்கனிக்கோட்டை*

ஆறு பேரில் ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

குகை மாதிரி இருட்டாக, கால் வைத்தால் தகரம் டமார் என்று சத்தம் போடுகிற இடத்துக்குள் போகச் சொல்கிறீர்கள். காட்டில் அப்படிப்பட்ட இடத்தில் புலி இருக்கும். அஞ்செட்டிக் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லவேண்டுமா?

வண்டியின் பின்பக்கத்தை ஒரு மண்மேட்டோடு ஒட்டி நிறுத்துங்கள், ஏறுகிற உயரம் பாதியாகக் குறையும். மேடு இல்லையென்றால் கனமான பலகை, ஆடாமல். பலகையின் மேலும் வண்டித் தரையிலும் கோணிச்சாக்கு விரித்து மேலே கொஞ்சம் ராகித்தாள். சத்தமும் வழுக்கலும் போய்விடும். தார்ப்பாயை மேலே கட்டாதீர்கள், வெளிச்சம் இருக்கட்டும். முதல் நாள் வண்டிக்குப் பக்கத்தில் கட்டித் தீனி மட்டும். இரண்டாம் நாள் கயிற்றை நீளமாகப் பிடித்துக்கொண்டு பலகையை நோக்கி நடத்துங்கள். அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முன்னால் நின்று இழுக்காதீர்கள். அது பின்னால் இழுக்கும், நீங்கள் தோற்பீர்கள். தோள் பக்கம் நின்று, போகிற திசையைப் பாருங்கள். கயிற்றில் லேசான இழுவை, அவ்வளவுதான். ஒரு குளம்பு பலகையில் பட்டதா? கயிற்றை உடனே விடுங்கள். தட்டிக்கொடுத்து, நீங்களே பின்னால் இறக்கிவிடுங்கள். மறுபடி ஒரு குளம்பு, மறுபடி இறக்கம். இரண்டு குளம்பு. ஏற்றுவதை மட்டும் பழக்காமல் இறங்குவதையும் பழக்குகிறீர்கள், பயத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. நான்காவது நாள் தீனித் தொட்டியை உள்ளே வையுங்கள். பின்கதவை அது உள்ளே நின்று தின்கிறபோது சத்தமில்லாமல் மூடுங்கள், முதல்முறை ஐந்து நிமிஷத்தில் திறந்துவிடுங்கள்.

மட்டக்குதிரைக்குத்தான் குட்டியானை. 60 இன்ச் குதிரை என்றால் டாடா 407 மாதிரி எடுங்கள். கயிற்றை இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போடுங்கள், போகிற வழியில் தாழ்ந்த மரக்கிளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராயக்கோட்டை வழியாகப் போனால் வளைவுகளில் டிரைவரை நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள், குதிரைக்குப் பிடித்துக்கொள்ளக் கையில்லை. உதை வாங்கியவருக்குத் தோல் கிழிந்திருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி போடச் சொல்லுங்கள். குதிரைக்கும் டெட்டனஸ் தடுப்பூசி அவசியம், அந்த நோய் மனுஷனைவிடக் குதிரைக்குச் சுலபமாகத் தொற்றும்.

வண்டிக்காரர் நாலு நாள் உங்கள் வாசலில் நிறுத்த வாடகை கேட்பார். கொடுத்துவிடுங்கள்.